எரிமலை வாயுப் படம்: எங்கள் காலனிக்கு ஆபத்தா?

கேள்வி: டெல்லியில் இருக்கிறோம். எத்தியோப்பிய எரிமலைப் புகை வந்தபோது எங்கள் ஊர் மேல் ஒரே சிவப்பாக ஒரு சாட்டிலைட் படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. அம்மாவுக்கு 71 வயது, ஆஸ்துமா. காலனிக்கென்று தனி 'சாட்டிலைட் காற்று ரிப்போர்ட்' 3,000 ரூபாய்க்குத் தருகிறார்களாம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள்.

2025 நவம்பர் 23-ல் எத்தியோப்பியாவின் ஹைலி குப்பி எரிமலை வெடித்தது. அந்த மேகம் மறுநாள் இரவு டெல்லிக்கு மேலே வந்தது. மேலே என்றால் விமானம் பறக்கும் உயரம். உங்கள் பால்கனி அல்ல.

பூமியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியில், எரிமலை கக்கும் வாயுவான கந்தக டைஆக்சைடு எவ்வளவு புற ஊதாவை விழுங்கியிருக்கிறது என்றுதான் செயற்கைக்கோள் பார்க்கிறது. தரை முதல் வான உச்சி வரை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எண். அந்த எண்ணுக்கான அளவுதான் டாப்சன் அலகு. 10 டாப்சன் அலகு என்று போட்டிருந்தால், அத்தனை வாயுவையும் தரைக்கு இறக்கிப் பரப்பினால் 0.1 மில்லிமீட்டர், ஒரு தாளின் கனம். அது எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை நாம்தான் ஊகித்துக் கொடுக்க வேண்டும். சென்டினல்-5பி செயற்கைக்கோளில் இருக்கும் ட்ரோபோமி என்ற கருவியின் தரவில் 1, 7, 15 கிலோமீட்டர் என்று மூன்று கணக்கு இருக்கும். தாழ்வான வாயு கருவிக்கு மங்கலாகத்தான் தெரியும். அதனால் 1 கிலோமீட்டர் என்று வைத்தால் அதே ஒளிக்குப் பல மடங்கு பெரிய எண் வரும். பீதி பரப்புகிறவர்கள் எதை எடுப்பார்கள் என்று சொல்ல வேண்டுமா?

அப்புறம் அந்த ரிப்போர்ட். கருவியின் ஒரு கட்டமே சுமார் 5.5க்கு 3.5 கிலோமீட்டர். பக்கத்து நாலைந்து காலனியும் அதே கட்டத்துக்குள் அடக்கம். அதுவும் தினம் ஒருமுறை, மதியம் ஒன்றரை வாக்கில். இதில் உங்கள் காலனியை எங்கே பிரிப்பது? தரவோ இலவசம். அதைப் பிரிண்ட் போட்டு விற்கிறார்கள்.

வாயு தரையிலேயே தங்குவதும் உண்டு. ஐஸ்லாந்தின் ஹோலுஹ்ராவுனில் 2014 ஆகஸ்ட் முதல் ஆறு மாதம் லாவா வழிந்தது. பெரிய வெடிப்பு இல்லை, சாம்பலும் அவ்வளவாக இல்லை. வாயு உயர எழும்பாமல் தாழ்வாகவே பரவியது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள். உங்களுக்கு நடந்தது அதுவல்ல.

தரையில் காற்றை அளக்கும் நிலையத்தின் கந்தக டைஆக்சைடு அளவைப் பாருங்கள். நம் வரம்பு 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம். இந்த ஒரு வரி புரியும் மொழியில் உங்களுக்கு வந்து சேரவில்லை. அந்த இடைவெளியில்தான் 3,000 ரூபாய்க்காரர் புகுந்தார். அம்மாவின் மூச்சைப் பிடிப்பது டெல்லியின் சொந்தப் புகை. இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், காற்றிலுள்ள நுண்துகளைக் காட்டும் பிஎம் 2.5 எண்ணைக் கவனியுங்கள்.