டயர் மாற்றியதிலிருந்து மிலிட்டரி லாரி முரண்டு பிடிக்கிறதே?

கேள்வி: ஐயா, எனக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒன்றரை வேலி தோப்பும் நஞ்சையும் இருக்கிறது. ராணுவம் கழித்த லாரி ஒன்றை, ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து வாங்கினேன். மூன்று வருடமாக நின்ற வண்டி. முன் டயர் இரண்டும் வெடித்திருந்ததால் புதிது போட்டேன். அதிலிருந்து லீவரைத் தள்ளி ஃபோர் வீலில் போட்டால் ஸ்டியரிங் இறுகுகிறது, தார் ரோட்டில் வளைத்தால் எகிறுகிறது, லீவரைத் திரும்ப எடுக்கவும் முடியவில்லை. பின் ஆக்சில் ஆயில் மோர் மாதிரி இருக்கிறது. இரவு நிறுத்தினால் காலையில் பிரேக் ஏர் சுத்தமாக இறங்கிவிடுகிறது. இதையெல்லாம் சரி பார்த்துவிட்டு டிப்பர் பாடி கட்டி, மரம் இழுக்க வின்ச் மாட்டி, பழைய பச்சை பெயின்டே அடித்து ஓட்ட ஆசை. விற்றவர் எழுதித் தந்த சீட்டு இருக்கிறது, ஆர்.சி. இன்னும் எடுக்கவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: தம்பி, என்ன மாடல் என்று எழுத மறந்துவிட்டீர்கள். சக்திமானா, ஸ்டாலியனா? சக்திமான் 1959இல் ஜெர்மனியின் எம்.ஏ.என். உரிமத்தில் ஜபல்பூரில் கட்ட ஆரம்பித்த வண்டி. இன்றைக்கு அதற்கு ஒரு கியர் வேண்டுமென்றால் இன்னொரு சக்திமானை உடைத்தால்தான் உண்டு. ஸ்டாலியன் என்றால் அவ்வளவு பயமில்லை. அசோக் லேலண்ட் வண்டி, எஞ்சின் சாமான் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலேயே கேட்டு வாங்கலாம். எதுவானாலும் நீங்கள் சொன்ன மூன்று கோளாறும் எல்லா மிலிட்டரி லாரிக்கும் பொதுவானவைதான்.

முதலில் டயர். லீவர் போட்டு முன் ஆக்சிலைச் சேர்க்கிற இந்த வகை வண்டிகளில், முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே, வேக வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கும் டிஃபரன்ஷியல் கியர் கிடையாது. சேர்த்துவிட்டால் இரண்டு ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவில் முன் சக்கரம் பெரிய வட்டம் போடும், பின் சக்கரம் சின்ன வட்டம் போடும். அந்த வித்தியாசம் எங்கேயாவது வழுக்கித்தான் தீர வேண்டும். சேற்றிலும் மணலிலும் டயர் வழுக்கிக் கொடுத்துவிடும். தார் ரோடு கொடுக்காது. அந்த முறுக்கம் முழுவதும் ஷாஃப்ட்டிலும் கியரிலும் ஏறி நிற்கும். லீவர் வராததற்கும் அதுதான் காரணம். சுத்தியலால் தட்டாதீர்கள், வண்டியை நேராகப் பின்னால் நாலு முழம் எடுங்கள், முறுக்கம் இறங்கி லீவர் தானாக வரும்.

ஆனால் உங்களுக்கு நேர் ரோட்டிலும் இறுகுகிறதே, அதற்குக் காரணம் அந்தப் புது டயர்கள். ஒரு கணக்குப் பாருங்கள். தேய்ந்த பின் டயர் 110 சென்டிமீட்டர் விட்டம், புது முன் டயர் 112 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 6 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வித்தியாசம். ஒரு கிலோமீட்டரில் சக்கரம் ஏறக்குறைய 289 முறை சுற்றும், ஆக 18 மீட்டர் வித்தியாசம். இவ்வளவையும் நேர் ரோட்டிலேயே டயர் தேய்த்துத்தான் கழிக்க வேண்டும். கொஞ்ச நாளில், விசையை முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸில் பல் உடையும். சாக்பீஸால் டயரில் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு முழுச் சுற்று உருட்டி, ஓடிய தூரத்தை டேப் பிடித்து அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் நாலையும் ஒரே சைஸ், ஒரே தேய்மானத்துக்குக் கொண்டு வரும் வரை ஃபோர் வீல் லீவரைத் தொடாதீர்கள்.

டயர் மாற்றும்போது இன்னொன்று. டயரைப் பிடித்து நிறுத்தத் தனி இரும்பு ரிங் போட்ட டிஸ்க் என்றால் ரோட்டோர பங்ச்சர் கடையில் தரையில் படுக்கப்போட்டுக் காற்றடிக்க விடாதீர்கள். என் ராணுவ சர்வீஸில், எந்த இடம் என்று சொல்ல வேண்டாம், ரிங் சரியாக உட்காராமல் காற்றடித்தபோது அது எகிறி மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் பொத்துக்கொண்டு போனது. டயர் மேல் குனிந்திருந்த பையன் ஒரு நிமிஷம் முன்னால்தான் டீ குடிக்க எழுந்து போயிருந்தான். இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும். வேறு டிஸ்க்கின் ரிங்கைப் பொருத்தக் கூடாது, டயரோடு இருக்கும் டிஸ்க்கில் வெல்டிங் வைக்கவே கூடாது.

அடுத்து அந்த மோர் ஆயில். உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. எப்படிப் போனது தெரியுமா? நம் பக்கம் ஓடி வந்த வண்டியைச் சூட்டோடு வாய்க்காலில் இறக்கிக் கழுவுகிற பழக்கம் இருக்கிறதே, அதுதான். மிலிட்டரி வண்டிதானே, ஆற்றையே தாண்டும் என்று வேறு நினைப்பு. ஓடிய ஆக்சில் கொதித்துக் கிடக்கும், உள்ளே காற்று விரிந்திருக்கும். குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப வெளிக்காற்று வர வேண்டிய வழி, ஆக்சில் மேலுள்ள சின்ன ப்ரீதர். டெல்டாக் களிமண் அதை அடைத்திருந்தால் ஆக்சில் வேறு வழி தேடும். ஆயில் சீல் உதடு வழியே வாய்க்கால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

ஆயிலை முழுக்க வடியுங்கள். டிரெயின் பிளக்கில் ஒட்டியிருப்பதை விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி இருந்தால் சாதாரணத் தேய்மானம். செதிலாக உறுத்தினால் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் பல்லைத் திறந்து பார்த்தாக வேண்டும். மலிவான புது ஆயில் ஊற்றிப் பத்து கிலோமீட்டர் ஓட்டி அதையும் வடித்துவிட்டு, சீல் மாற்றி, கையேட்டில் சொன்ன கிரேடை ஊற்றுங்கள். முன் ஆக்சிலிலும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் இதே சோதனை செய்யுங்கள், பின்னால் போன தண்ணீர் முன்னால் போகாமல் இருக்காது. பிறகு ப்ரீதரைக் கழற்றிவிட்டு, ஆயில் தாங்கும் ஹோஸ் ஒன்றைப் பொருத்தி, சேஸிஸுக்கு மேலே கொண்டுபோய், முனையைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டுங்கள். சில நூறு ரூபாய் வேலை. என்னைக் கேட்டால், நீங்கள் எழுதிய மாற்றங்கள் எல்லாவற்றையும்விட இந்த ஹோஸ்தான் உங்கள் வண்டிக்கு அவசியம்.

ஏர் இறங்குவதற்கு, ஏர் டேங்க்கை நிரப்பி எஞ்சினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நுரை பொங்குமிடம் கசிவு. மூன்று வருடம் நின்றதில் ரப்பர் டயாஃப்ரம் காய்ந்து வெடித்திருக்கும், எதையும் பார்க்காமல் எல்லா ரப்பரையும் மாற்றிவிடுங்கள். தினமும் சாயங்காலம் ஏர் டேங்க் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து தண்ணீரை வெளியே விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் எவ்வளவு வடிகிறது என்று நீங்களே ஆச்சரியப்படுவீர்கள். ஏர் போனால் பிரேக் பிடித்துக்கொள்ளும் வண்டியா, விட்டுவிடும் வண்டியா என்று உறுதியாகத் தெரிகிற வரை சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் இறங்காதீர்கள். டீசல் டேங்க்கையும் கழற்றிக் கழுவுங்கள், அடியில் தண்ணீரும் கறுப்பு வண்டலும் இருக்கும்.

படையில் தினமும் காலையில் ஃபர்ஸ்ட் பரேடு உண்டு. ஆயில், தண்ணீர், காற்று, நட்டு எல்லாம் பார்த்த பிறகுதான் சாவி திருப்பணும். ராணுவத்தில் வண்டிகளைப் பழுது பார்க்கிற இ.எம்.இ. பிரிவின் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். ஓடி உருக்குலைந்து வந்த வண்டிகளைவிட நின்றே கெட்ட வண்டிகள்தான் என் முதுகை ஒடித்தன.

டிப்பர் ஆசையை விட்டுவிடுங்கள். இந்தச் சேஸிஸ் பள்ளம் மேட்டில் முறுக்கிக் கொடுக்கிற மாதிரி செய்தது. அதன் மேல் பாடியை இறுக்கி போல்ட் போட்டால் ஆறு மாதத்தில் சேஸிஸ் விரிசல் விடும். மேல் கீழ் விளிம்பில் ஓட்டை போடுவதும் வெல்டிங் வைப்பதும் அதே வினைதான். சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வைக்கோல் கட்டுக்கு அந்தப் பழைய பாடியும் தார்ப்பாய் வளைவும் தாராளம். பச்சை பெயின்டும் வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதி 121, ஆலிவ் பச்சையை ராணுவ வண்டிகளுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது. அம்புக்குறி போட்ட ராணுவ நம்பரையும் யூனிட் அடையாளத்தையும் அழித்துவிட்டு வேறு நிறம் அடியுங்கள்.

சொல்லப்போனால் பெயின்ட், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் முன்னால் பேப்பர். விற்றவர் எழுதிய சீட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸில் போதாது. வண்டியை ஏலம் விட்ட ராணுவ டிப்போ கொடுத்த விற்பனைச் சான்று, டெலிவரி ஆர்டர், பணம் கட்டிய ரசீது மூன்றும் வேண்டும், அவற்றில் உள்ள எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். உடைப்புக்கென்று மட்டும் விற்ற வண்டியை எந்த புரோக்கராலும் ரோட்டில் ஓட்டித் தர முடியாது. அந்த மாதிரி என்றால் இன்னும் ஒரு ரூபாய்கூட செலவழிக்காமல் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

வின்ச் நல்ல யோசனைதான். கஜா புயல் 2018 நவம்பர் 16ஆம் தேதி அடித்துவிட்டுப் போன பிறகு, தோப்பில் விழுந்த மரத்தை இழுக்க ஆள் கிடைக்காமல் நாம் பட்ட பாடு மறக்குமா? இந்த வண்டியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி சேர்ந்து 24 வோல்ட், அதனால் 24 வோல்ட் வின்ச்சாக வாங்குங்கள், அதையும் ஆர்.டி.ஓ.விடம் கேட்டுவிட்டு மாட்டுங்கள். கம்பி இழுவிசையில் இருக்கும்போது நடுவில் நனைத்த சாக்கைப் போடுங்கள். அறுந்தால் சாக்கு அதை அமுக்கும், இல்லாவிட்டால் சாட்டையாக வீசும். மியூசிக் சிஸ்டத்துக்கு ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுக்காதீர்கள். ஒன்று வறண்டு இன்னொன்று மிகைச் சார்ஜாகி இரண்டும் போகும். கன்வர்ட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். உப்புக்காற்றுக்குப் பயந்து அடிப்பக்கம் கழிவு ஆயில் அடிக்கிறார்கள், அது பிரேக் ஹோஸையும் புஷ்ஷையும் ஊதவைத்துவிடும்.

கடைசியாக, வண்டியை வயலில் இறக்காதீர்கள். சேற்றுழவு உழுது உழுது மண்ணுக்குக் கீழே ஒரு கெட்டித் தட்டு உண்டாகியிருக்கும், நடவுத் தண்ணீரை நிறுத்தி வைப்பது அதுதான். இத்தனை டன் வண்டி அதைப் பொத்துவிட்டால் அந்த இடத்தில் தண்ணீர் நிற்காது. வண்டிப் பாதை வழியாகவே போங்கள். வழியில் வாய்க்காலுக்குக் குறுக்கே பழைய பாலம் இருந்தால் அது மாட்டு வண்டிக்காகக் கட்டியதாக இருக்கும், அடியில் இறங்கி ஒரு தடவை பார்த்துவிட்டு லாரியை ஏற்றுங்கள்.