ஐந்து வோல்ட் இசட்80 கணினியோடு இன்றைய சிப்புகள்: கேள்வி பதில்

கேள்வி: இசட்80 (பழைய 8-பிட் செயலி) கணினியின் டேட்டா பஸ்ஸை, அதாவது தரவு செல்லும் எட்டுக் கோடுகளை, 3.3 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலரான ஆர்பி2040 சிப்புடன் நேரே இணைக்கலாமா?

பதில்: கூடாது. 3.3 வோல்ட் சப்ளையில் ஆர்பி2040-இன் பின்களுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் 3.8 வோல்ட். இடையில் 3.3 வோல்ட்டில் இயங்கும் 74எல்விசி245 பஃபர் (சிக்னலை வாங்கி மறுபக்கம் தரும் சிப்) ஒன்றை வையுங்கள். அதன் உள்ளீடுகள் 5 வோல்ட்டைத் தாங்கும், அது தரும் 3.3 வோல்ட்டும் 2.0 வோல்ட்டையே உயர்நிலையாக ஏற்கும் என்மாஸ் (பழைய தயாரிப்பு வகை) இசட்80-க்குத் தாராளம். நேரே இணைத்தால், பழைய கணினிக்கு மின்சாரம் வந்து, புதிய போர்டுக்கு இன்னும் வராத அந்த இடைவெளிதான் ஆபத்தானது, அப்போது பின்கள் வழியே சிப்புக்குள் மின்சாரம் புகும், அதை மறவாதீர்கள்.

கேள்வி: இரண்டு ரெசிஸ்டர்களால் மின்னழுத்தத்தைப் பிரித்தால் போதாதா?

பதில்: மெதுவான ஒருவழிச் சிக்னலுக்குப் போதும்; பஸ்ஸுக்குப் போதாது. 10 கிலோ ஓமும் 20 கிலோ ஓமும் வைத்தால், தடத்தில் 20 பிகோஃபாரட் இருந்தாலே காலமாறிலி (மின்னழுத்தம் எவ்வளவு மெதுவாக மாறும் என்பதன் அளவு) 133 நானோவினாடி ஆகிவிடும். 4 மெகாஹெர்ட்ஸ் இசட்80-இன் ஒரு கடிகாரச் சுழற்சியோ 250 நானோவினாடிதான். ரெசிஸ்டர்களைக் குறைத்தால் வேறு சிக்கல் வரும். என்மாஸ் இசட்80 உயர்நிலைக்கு உறுதி தருவது 2.4 வோல்ட், அதுவும் 250 மைக்ரோஆம்பியர் வரை மட்டுமே. மூன்றில் இரண்டு பங்காகப் பிரித்தால் அது 1.6 வோல்ட்டாகி, உயர்நிலையும் அல்லாமல் தாழ்நிலையும் அல்லாமல் தொங்கும்.

கேள்வி: இன்னொரு 3.3 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலரான ஈஎஸ்பி32-ஐ நேரே இணைக்கலாமா?

பதில்: அதுவும் கூடாது; முதல் பதிலைப் படியுங்கள். மின்சாரம் வரும் வரிசையைப் பற்றிய கடைசி வாக்கியத்தையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஆர்டுயினோ ஊனோ மைக்ரோகன்ட்ரோலர் போர்டு 5 வோல்ட்தானே? அதை நேரே இணைக்கலாமா?

பதில்: மின்னழுத்தம் பொருந்தும், வேகம் பொருந்தாது. 16 மெகாஹெர்ட்ஸில் இன்டரப்ட்டுக்குள் (சிக்னல் வந்ததும் ஓடும் நிரல்பகுதிக்குள்) நுழையவே குறைந்தது நான்கு சுழற்சிகள், அதாவது 250 நானோவினாடி, போய்விடும். ஒரு ஃபிளிப்-ஃபிளாப் (ஒரு நிலையை நினைவில் வைக்கும் சிப்) வைத்து இசட்80-இன் வெயிட் பின்னை இழுத்துப் பிடித்து, அதைக் காத்திருக்கச் செய்யுங்கள்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக ஆர்பி2040-ஐ நேரேதான் இணைத்திருக்கிறேன். என்மாஸ் வெளியீடு 5 வோல்ட்டைத் தொடுவதே இல்லை. வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

பதில்: பாதி சரி. என்மாஸ் வெளியீடு பெரும்பாலும் 5 வோல்ட்டுக்குக் கீழேயே நின்றுவிடும். ஆனால் அதே பஸ்ஸில் 74எச்சிடி பஃபர் ஒன்று இருந்தால் அது முழு 5 வோல்ட்டையும் தள்ளும்.

கேள்வி: பஃபர் கிடையாது. 10 கிலோ ஓம் புல்-அப்கள் (கோடுகளை 5 வோல்ட்டுக்கு இழுக்கும் ரெசிஸ்டர்கள்) மட்டுமே உள்ளன. அவற்றில் பாயும் மின்னோட்டம் அற்பமானது.

பதில்: ஒரு கோட்டுக்கு அது அற்பம்தான், ஒப்புக்கொள்கிறேன். முகவரிக்குப் பதினாறு, டேட்டாவுக்கு எட்டு என இருபத்து நான்கு கோடுகள் இருக்கின்றனவே! பஃபர் இல்லாமல் நானும் ஒருமுறை இணைத்தேன். யுஎஸ்பி வடத்தைக் கழற்றிய பிறகும் போர்டின் எல்ஈடி மங்கலாக எரிந்துகொண்டிருந்தது, 3.3 வோல்ட் தடத்தில் மீட்டர் 2.1 காட்டியது. பின்களின் பாதுகாப்பு டையோடுகள் வழியாகப் பழைய கணினியே அந்தச் சிப்புக்கு மின்சாரம் ஊட்டிக்கொண்டிருந்தது. கணினி ஓடும்போதே உங்கள் போர்டின் யுஎஸ்பியைக் கழற்றி, அதே இடத்தில் அளந்து சொல்லுங்கள், பிறகு பேசுவோம்.