மனசை லேசாக வைத்துக்கொண்டால் பிரஷர் மாத்திரை வேண்டாமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் கடைமடை கிராமம் எங்களுடையது. வயது 54. பதினைந்து மா (ஏறக்குறைய ஐந்து ஏக்கர்) சம்பா போட்டிருக்கிறேன், பாதி குத்தகை. இரண்டு வருடமாக அம்லோடிபின் 5 மி.கி. மாத்திரை சாப்பிடுகிறேன். ஐப்பசி பிறந்ததிலிருந்து ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. போனில் மேட்டூர் நீர்மட்டம், மழை நிலவரம் பார்த்துக்கொண்டே விடிந்துவிடும். வயிற்றெரிச்சல், முதுகுவலி வேறு. “எல்லாத்தையும் நெஞ்சுல போட்டுக்கிறீங்க, அதான்” என்கிறார் மனைவி. சொந்தக்காரர் ஒருவர், மனசை லேசாக வைத்துக்கொண்டால் மாத்திரையே தேவையில்லை என்றார். நிறுத்திப் பத்து நாள் ஆகிறது. நேற்று மெடிக்கலில் பார்த்தபோது 164/100. மனசுதான் காரணமா?

பதில்: முதலில் மாத்திரை. இன்றைக்கே மறுபடி ஆரம்பியுங்கள். விட்டுப்போன நாளுக்குச் சேர்த்து இரண்டாகப் போட வேண்டாம். வழக்கமான ஒன்று, வழக்கமான நேரத்தில். அம்லோடிபின் ரத்தத்திலிருந்து மெதுவாக இறங்கும் மருந்து; அளவு பாதியாகக் குறையவே ஒன்றரை நாள் போல ஆகும். அதனால் நிறுத்திய முதல் இரண்டு மூன்று நாள் பிரஷர் பெரிதாக ஏறாது. மனசை மாற்றியதில் குணமாகிவிட்டது என்று பலரும் நம்பிவிடுவது அந்த நாட்களில்தான். உடம்பில் மிச்சமிருந்த மருந்து செய்த வேலை அது.

உங்கள் மனைவி சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நெஞ்சில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்று யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

மூன்று மணிக்கு உங்கள் உடம்புக்குள் நடப்பதைப் பாருங்கள். மழைச் சத்தம் கேட்டுக் கண் திறக்கிறீர்கள். பயிர் முழுகியது போலவும், சொசைட்டிக் கடன் நிற்பது போலவும் மனசுக்குள் ஓடுகிறது. வயலில் இன்னும் எதுவும் நடக்கவில்லை. ஆனால் மூளை அதை நடந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. சில நொடிகளில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. அடுத்து கார்ட்டிசால் என்ற இன்னொரு அழுத்த ஹார்மோன், இது உச்சத்துக்கு வர 20 முதல் 30 நிமிடம். ஈரலிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். பாம்பைக் கண்டால் ஓடுவதற்கு இதெல்லாம் வேண்டும். ஆபத்து போனால் தானாகவே அடங்கிவிடும். நீங்களோ அது அடங்குவதற்குள் மறுபடி போனைப் பார்க்கிறீர்கள். வயலில் ஒரு தடவை வரவேண்டிய வெள்ளம் ரத்தக்குழாய்க்குள் ஒரே ராத்திரியில் பத்து தடவை வந்து போகிறது. பின்னிரவில் தூக்கம் லேசு, கார்ட்டிசாலும் இயல்பாகவே ஏறத் தொடங்கும் நேரம். அதனால்தான் பகலில் சமாளிக்கக்கூடிய கவலை அந்த நேரத்தில் மலையாகத் தெரிகிறது.

இதன் பாதிப்பு பிரஷரோடு நிற்காது. 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், மாரடைப்புக்கான ஒன்பது முக்கியக் காரணங்களில் மன அழுத்தமும் ஒன்றாக வந்தது. காயம் ஆறுவதுகூடத் தாமதமாகும். மறதி நோயாளிகளை வீட்டில் வைத்துப் பராமரித்த பெண்களுக்கு, ஒரே அளவுள்ள சிறு காயம் ஆற மற்றவர்களைவிடச் சராசரியாக 9 நாள் கூடுதலாக ஆனது என்று 1995-ல் வந்த ஆய்வு காட்டியது.

சரி, மனசை எப்படி மாற்றுவது? ‘எல்லாம் நல்லபடியாக நடக்கும்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கடைமடையில் பயிர் வைப்பவருக்கு அது உண்மையில்லை என்று தெரியும். பயத்தை உள்ளே வைத்துக்கொண்டு முகத்தில் காட்டாமல் அடக்கினால், உடம்பின் பதற்றம் குறையாது, கூடவும் செய்யும். உடம்பை அடக்குவது துல்லியமான வாக்கியம். “போச்சு, எல்லாம் போச்சு” என்று ஓடுவதை நிறுத்தி, “வடக்குப் பக்கம் தண்ணி நிக்குது. வடிகால் மதகுல ஆகாயத்தாமரை அடைச்சிருக்கு. விடிஞ்சதும் ரெண்டு ஆள் வெச்சு எடுக்கணும்” என்று சொல்லிப் பாருங்கள். வாய்விட்டே சொல்லுங்கள். நிலைமை அதேதான், ஆனால் இரண்டாவதில் கைக்கு ஒரு வேலை இருக்கிறது. நெஞ்சு படபடத்தாலும் அப்படித்தான். இந்தப் படபடப்பு உடம்பு வேலைக்குத் தயாராவது என்று எடுத்துக்கொண்டவர்களுக்கு ரத்தக்குழாய்ச் சுருக்கம் குறைவாக இருந்ததை ஆய்வுகளில் அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

இதற்கு ஒரு நோட்டு போடுங்கள். தினமும் மாலை ஐந்தரை மணிக்கு, இருபது நிமிடம். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் உங்கள் கையில் இல்லாதவை: மேட்டூர் நீர்மட்டம், புயல், நெல் விலை. வலது பக்கம் கையில் உள்ளவை: வடிகால் வெட்டுவது, அடங்கல் வாங்கிப் பயிர்க் காப்பீட்டைக் கடைசித் தேதிக்கு முன் கட்டுவது, கொள்முதல் நிலையத்தில் கேட்கும் 17 சதவீத ஈரப்பதத்துக்கு நெல்லைக் காயவைக்க இடமும் தார்ப்பாயும் பார்த்து வைப்பது. வலது பக்கம் ஒவ்வொன்றுக்கும் நேரே என்றைக்கு, யாரோடு என்று எழுதுங்கள். ராத்திரி கவலை வந்தால் ‘நாளை ஐந்தரைக்கு’ என்று தள்ளிவையுங்கள். முதல் வாரம் தள்ளிவைக்க வராது. பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். நோட்டைப் படுக்கையில் வைத்து எழுதவும் வேண்டாம், எழுதினால் படுத்ததும் கணக்குதான் ஓடும்.

போன் ராத்திரி வேறு அறையில் இருக்கட்டும். நீர்மட்டத்தைக் காலையில் ஒரு தடவை பார்த்தால் போதும். விழித்து இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து திண்ணையில் உட்காருங்கள், கண் சொருகியதும் வந்து படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுவது ஒரே நேரம். பகல் தூக்கம் அரைமணிக்கு மேல் வேண்டாம்.

மூச்சுப் பயிற்சி காலை, மாலை ஐந்து நிமிடம். மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். அடக்கி நிறுத்த வேண்டாம். பலம் கொண்ட மட்டும் இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் மரமரக்கும். அப்படியானால் இழுப்பைக் குறையுங்கள்.

எல்லாவற்றையும் மனசின் தலையிலேயே போட்டுவிடவும் கூடாது. முதுகுவலிக்கு மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறீர்களா? அது உப்பையும் நீரையும் உடம்பில் நிறுத்திப் பிரஷரை ஏற்றும், வயிற்றையும் புண்ணாக்கும். குடற்புண்ணுக்கு முக்கியக் காரணங்கள் இந்த வலி மாத்திரைகளும் ஹெலிகோபாக்டர் என்ற கிருமியும்தான். கவலை அந்த எரிச்சலைக் கூட்டிக் காட்டும், அவ்வளவே. வெற்றிலையோடு புகையிலை போட்டால் ஒவ்வொரு தடவையும் பிரஷர் ஏறி இறங்கும். உப்பு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள்; கருவாடும் ஊறுகாயும் அதற்குள்ளேயே. பலத்த குறட்டை இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் பிரஷரை ஏற்றும்.

மெடிக்கலில் நின்ற வாக்கில் பார்த்த ஒற்றை அளவை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். காபியோ புகையிலையோ போட்டு அரைமணி கழியட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் தரையில் பட ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, கையை மேசையில் நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பாருங்கள். காலை, மாலை, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு அளவு, ஏழு நாள். முதல் நாள் அளவைத் தள்ளிவிட்டு மீதியின் சராசரி 135/85-க்கு மேல் இருந்தால் மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம். அந்தத் தாளோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், ஈ.சி.ஜி., சர்க்கரை, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை தீர்ந்துபோவதுதான் சிக்கல் என்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும். உங்கள் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

நெஞ்சை அழுத்தும் வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், மூச்சு முட்டினால் வாயு என்று சோடா குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே 108. பிரஷர் 180/120-ஐத் தாண்டி, கூடவே தாங்க முடியாத தலைவலி, பார்வை மங்கல், ஒரு பக்கக் கை கால் பலவீனம் என்று எது இருந்தாலும் அதேதான். இனி என்ன இருக்கிறது என்ற எண்ணம் தலைகாட்டினால், ராத்திரி மூன்று மணியானாலும் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். மனைவியையும் எழுப்பிச் சொல்லுங்கள்.