கடலில் நன்னீர் கலந்தால் நீரோட்டம் ஏன் தளர்கிறது? எல்லாக் காலநிலையிலும் ஒரே மாதிரியா?

வட அட்லாண்டிக்கில் உப்பு நீர் குளிர்ந்து, கனத்து, ஆழத்துக்கு இறங்குகிறது, அந்த இடத்துக்குத் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான நீர் வருகிறது. இங்கே பேசும் கடல் சுழற்சி இதுதான். ஊட்டியில் ஜனவரி ராத்திரி குளிர்காற்று கனத்துச் சரிவில் இறங்கித் தேங்குவதால்தானே பள்ளத்துத் தேயிலை முதலில் உறைபனியில் கருகுகிறது, அதே கதை. பனி உருகி நன்னீர் கலந்தால் மேல்நீர் லேசாகிவிடும், குளிர்ந்தாலும் இறங்காது.

ஆனால் காலநிலையைப் பொறுத்து விளைவு மாறும். பனியுகத்தில் பனிமலைகள் கூட்டமாக மிதந்து வந்து உருகியபோது தளர்ச்சி பல நூறு ஆண்டுகள் நீடித்தது. சுமார் 8,200 ஆண்டுகளுக்கு முன், இன்றைப் போன்ற இதமான காலத்தில், வட அமெரிக்காவில் பனி உருகிய நீர் தேங்கிய ஏரி உடைந்து கடலில் கொட்டியது. சுழற்சி தளர்ந்து குளிர் வந்தது, ஆனால் அது 150 ஆண்டுகள் அளவில் விலகியது. இப்போது நன்னீரோடு வெப்பமும் சேர்ந்து மேல்நீரை லேசாக்குகிறது, கவலை அதுதான்.

அப்புறம், கல்ஃப் ஸ்ட்ரீம் (அமெரிக்கக் கிழக்குக் கரையோரமாக வடக்கே போகும் வெதுவெதுப்பான நீரோட்டம்) அடியோடு நின்றுவிடும் என்பது தவறு: அதைப் பெரும்பாலும் தள்ளுவது காற்று, தளர்வது ஆழத்துக்கு இறங்கும் பகுதி.