குட்டி ஆரஞ்சுச் செடிக்கு வேண்டியது தண்ணீரா, வெயிலா?

கேள்வி: வாங்கும்போது பழமும் மொட்டுமாகக் குலுங்கிய குட்டி ஆரஞ்சுச் செடி அது. ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில், அலங்காரத் தொட்டிக்குள் வைத்திருக்கிறேன். மூன்று மாதத்தில் பாதி இலை கொட்டிவிட்டது. பூக்கிறது, பிஞ்சு நிற்பதில்லை. தினமும் ஒரு தம்ளர் தண்ணீர் தவறாமல் விடுகிறேன். இலைகள் பிசுபிசுவென்று வேறு இருக்கின்றன. செடி பிழைக்குமா?

பதில்: கிளையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் பிழைக்கும். ஆனால் அந்தத் தினசரி தம்ளரை இன்றே நிறுத்திவிடுங்கள்.

வீட்டுக்குள் வைக்கவென்று விற்கப்படும் குட்டி ஆரஞ்சு பெரும்பாலும் கேலமாண்டின். மாண்டரினும் கும்குவாட்டும் கலந்த இனம். பழம் மூன்று செ.மீ. அளவுதான். செடி குட்டியாக இருப்பதால் வெயிலும் கொஞ்சம் போதும் என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை, எந்த எலுமிச்சை, ஆரஞ்சையும் போல இதுவும் முழு வெயில் கேட்கும் மரம்தான்.

சோபா பக்கம் நம் கண்ணுக்கு வெளிச்சமாகத்தான் தெரியும். கண் இருட்டுக்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொள்கிறது. இலையால் அது முடியாது. நடுப்பகலில் செடிக்கு ஒரு சாண் மேலே கையை நீட்டிப் பாருங்கள். விரல் விரலாக நிழல் விழுந்தால் அது செடிக்கான இடம். மங்கலாக ஒரு கறைபோல் விழுந்தால் அங்கே செடி உயிரோடு கிடக்கும், காய்க்காது. கை நிழலே தெரியவில்லை என்றால் அதற்கும் வழியில்லை.

இப்போது இலை ஏன் கொட்டுகிறது என்பது புரியும். நர்சரி வெளிச்சத்தில் உருவான இலைகளை இந்த மங்கலில் வைத்துக்கொள்வது செடிக்குக் கட்டுப்படியாகவில்லை, உதிர்த்துவிடுகிறது. வெளிச்சமும் இலையும் குறைந்தால் செடி உறிஞ்சும் நீரும் குறையும். நீங்களோ அதே தம்ளரை ஊற்றுகிறீர்கள். மண் ஈரமாகவே கிடந்து, வேருக்குக் காற்றில்லாமல் அழுகத் தொடங்குகிறது. அழுகிய வேரால் தண்ணீரை ஏற்ற முடியாது என்பதால் இலை வாடித் தொங்கும். பார்க்கிறவர் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவார். வீட்டுக்குள் வளர்க்கும் ஆரஞ்சுகள் பெரும்பாலும் இப்படித்தான் சாகின்றன, தண்ணீர் இல்லாமல் அல்ல.

அலங்காரத் தொட்டிக்குள் இருக்கும் உள்தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அதைக் கொட்டுங்கள். மண் புளித்த நாற்றம் அடித்தால் செடியை வெளியே எடுத்து, பழுப்பாகிக் கையோடு வரும் வேர்களை வெட்டிவிட்டு, நீர் வடியும் புதிய கலவையில் அதே அளவுத் தொட்டியிலேயே வையுங்கள். பெரிய தொட்டி வேண்டாம். வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கும்.

இனிமேல் நாள் கணக்கு வேண்டாம். மேல்மண்ணில் விரலை இரண்டு மூன்று செ.மீ. விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் அடித்துளை வழியே ஒழுகும்வரை ஊற்றுங்கள். தட்டில் வடிந்ததை அரைமணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். தொட்டியைத் தூக்கும்போது தெரியும் கனமே சில வாரங்களில் உங்களுக்குச் சொல்லிவிடும்.

இடம்: நேர் வெயில் ஐந்தாறு மணி நேரமாவது விழும் ஜன்னலை ஒட்டி. அப்படி ஒரு ஜன்னல் இல்லையென்றால் செடி வளர்க்கும் எல்.இ.டி. விளக்கைத் தலைக்கு மேல் ஓர் அடிக்குள் தொங்கவிட்டு தினமும் 12 முதல் 14 மணி நேரம் எரிய விடலாம். அறை விளக்கு இதற்கு உதவாது. வெளியே வைப்பதானால் திடீரென்று உச்சி வெயிலில் வைக்காதீர்கள். நிழலில் பழகிய இலை கருகும். பத்துப் பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். குளிர்காலத்தில் ஒரு விசித்திரம் உண்டு: மண் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வேர் கிட்டத்தட்ட வேலைநிறுத்தம் செய்துவிடும். ஜன்னல் வெயிலில் இலை சூடாகித் தண்ணீர் கேட்கும், குளிர்ந்த வேரால் கொடுக்க முடியாது, இலை கொட்டும். தொட்டியைத் தரையிலிருந்து தூக்கி ஒரு பலகைமேல் வைத்தால் நல்லது. ஏசி, ஹீட்டர் காற்று நேராக அடிக்கவும் கூடாது.

பிசுபிசுப்பு பூச்சியின் வேலை. இலையைத் திருப்பி நடு நரம்பை உற்றுப் பாருங்கள். பழுப்பு நிறத்தில், தட்டையாக, செடியின் பாகம்போலவே ஒட்டியிருப்பது செதில் பூச்சி. இலைக்காம்பின் இடுக்கில் வெள்ளைப் பஞ்சுபோல் இருந்தால் மாவுப்பூச்சி. இரண்டுமே சாற்றை உறிஞ்சி இனிப்புக் கழிவை விடும். எறும்பு வருவதும் கரும்பூசணம் படர்வதும் அதனால்தான். செதில் ஓட்டுக்குள் மருந்து இறங்காது. நகத்தாலோ பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலோ சுரண்டி எடுத்துவிட்டு, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் மென்மையான திரவ சோப்பும் ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெயும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். குஞ்சுகள் பொரித்துக்கொண்டே இருக்கும் என்பதால் வாரம் ஒருமுறை, நான்கு வாரமாவது விடாமல் செய்ய வேண்டும்.

அடுத்தது உங்களுக்குப் பிடிக்காது. செடியில் மிச்சமிருக்கும் பழம், மொட்டு எல்லாவற்றையும் கத்தரித்துவிடுங்கள். பாதி இலையை இழந்த செடி பழம் சுமக்கக் கூடாது. புதுத் துளிர் வரும்வரை உரமும் வேண்டாம். துளிர்த்தபின் தழைச்சத்து கூடுதலாகவும் நுண்ணூட்டங்களோடும் இருக்கும், எலுமிச்சை வகைச் செடிகளுக்கான உரத்தைக் குறைந்த அளவில் கொடுங்கள். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து ஏறவில்லை. பெரும்பாலும் உப்புத்தண்ணீரால் மண் காரத்தன்மை அடைந்திருக்கும், மழைநீர் கிடைத்தால் அதை ஊற்றுங்கள். முதிர்ந்த இலை மஞ்சளாகி, காம்பருகே மட்டும் ஆப்பு வடிவில் பச்சை நின்றால் மெக்னீசியம் குறைவு. அடித்தண்டிலிருந்து மூன்று மூன்று இலைகளாக, முள்ளோடு ஒரு போத்து கிளம்பினால் அது உங்கள் ஆரஞ்சு அல்ல, அதை ஒட்டுக்கட்டிய வேர்ச்செடியின் துளிர். அடியோடு கிள்ளுங்கள்.

மீண்டும் பூக்கும்போது பிஞ்சு நிற்க இன்னொரு செடி தேவையில்லை, தன் மகரந்தமே போதும். வீட்டுக்குள் தேனீ இல்லாததால் மென்மையான பிரஷ்ஷால் பூவின் மஞ்சள் நிற மகரந்தத்தைத் தொட்டு, பூ நடுவில் பசைபோல் மினுக்கும் குமிழின்மேல் தடவுங்கள். பூக்களில் பெரும்பகுதி எப்படியும் உதிரும், பிஞ்சிலும் பல கொட்டும். அதற்காகத் தண்ணீரைக் கூட்டாதீர்கள். பிடித்த காய் பழுக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும்.

வாங்கும்போது இருந்த பழங்களைத் தின்ன வேண்டாம். அலங்காரச் செடிகளுக்கு அடிக்கும் மருந்து உணவுப் பயிருக்கு ஏற்றதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் கையில் பூத்துக் காய்த்ததை, புளிப்பைத் தாங்க முடிந்தால், தோலோடு சாப்பிடலாம். பூனை, நாய் இருந்தால் இலையும் தோலும் எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இலையிலும் தோலிலும் இருக்கும் எண்ணெய் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.