மன்னித்துவிடு என்றேன், மகள் பேசுவதையே நிறுத்திவிட்டாள்

அன்புள்ள டாக்டர்,

நான் பாளையங்கோட்டைக்காரி. 24 வருடமாக சிகாகோவில் இருக்கிறேன். கணவர் கறுப்பின அமெரிக்கர். எங்கள் ஒரே மகளுக்கு 19 வயது. பக்கத்து மாநிலத்தில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் படிக்கிறாள். அங்கே ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள். ஜெபிக்கிற பிள்ளைகள் நடுவில் இருப்பாள் என்று நம்பித்தான் சேர்த்தோம்.

விடுதியில் அவள் தளத்தில் கறுப்பினப் பெண் அவள் ஒருத்திதான். கேட்காமலே பின்னலைத் தொட்டுப் பார்க்கிறார்களாம். என் மாமியாரிடம் கற்றுக்கொண்டு நான் போட்டுவிடும் பின்னல் அது. வகுப்பில் அடிமைமுறை பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் அவளையே திரும்பிப் பார்ப்பார்களாம். வேதபாடக் குழுவில் இதைச் சொல்லியிருக்கிறாள். "கிறிஸ்துவுக்குள் நிறம் ஏது? உன் மனதில்தான் கசப்பு இருக்கிறது" என்று அவள் தலையில் கைவைத்து ஜெபித்தார்களாம். அழுதுகொண்டே போன் செய்தாள். நானும், "விடும்மா, மன்னிச்சிடு. நீ தைரியமான பொண்ணு" என்றேன்.

அன்றிலிருந்து என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. தூக்கமில்லை, தலைவலி என்று அப்பாவிடம் மட்டும் சொல்கிறாள். சாப்பலுக்கும் போவதில்லையாம். விசுவாசத்தை விட்டுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

- பெயர் வேண்டாம், சிகாகோ

அன்புள்ள சகோதரிக்கு,

அன்பில்தான் சொன்னீர்கள். ஆனால் என்ன நடந்தது என்று கேட்டு முடிக்கும் முன்பே மன்னிக்கச் சொன்னதால், அவளுக்கு அந்தக் குழுவின் குரலே அம்மாவிடமும் கேட்டிருக்கும்.

ஹார்வர்டில் இருந்த கறுப்பின மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ், 1970-இல் இப்படிப்பட்ட அன்றாட அவமதிப்புகளுக்கு 'மைக்ரோஅக்ரெஷன்' என்று பெயர் வைத்தார். தனித்தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம். தினமும் சேரும்போது உடம்பே தாங்காது. தூக்கமின்மையும் தலைவலியும் அதனால் இருக்கலாம். மருத்துவரிடமும் காட்டச் சொல்லுங்கள்.

'தைரியமான பொண்ணு' என்பதையும் கொஞ்சநாள் சொல்லாதீர்கள். கறுப்பினப் பெண் என்றால் எதையும் தாங்குவாள் என்று அந்தச் சமூகம் எதிர்பார்க்கிறது. தாங்க முடியாமல் குரல் உயர்த்தினால் கோபக்காரி என்கிறது. உங்கள் மகள் இருக்கும் இடத்திலோ கோபம் பாவமாகவும் ஆகிவிடுகிறது. அவள் எங்கேதான் அழுவாள்?

வேதத்தைக் காட்டி வாயடைப்பது அங்கே புதிதல்ல. தென் கரோலினாவில் உள்ள பாப் ஜோன்ஸ் என்ற கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் 1971 வரை கறுப்பின மாணவர்களைச் சேர்க்கவில்லை. வேறு இனத்தவரோடு காதல் கூடாது என்ற விதியை 2000-இல்தான் நீக்கியது. உங்கள் கணவரும் நீங்களும் அங்கே படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள். அதே கிறிஸ்தவ விசுவாசத்தில் தொடங்கிய ஓஹாயோவின் ஓபர்லின் கல்லூரியில்தான் மேரி ஜேன் பேட்டர்சன் என்ற கறுப்பினப் பெண் 1862-இலேயே பட்டம் வாங்கினார். ஆகவே அவள் சாப்பலுக்குப் போகாததை வைத்து விசுவாசம் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். 13-ஆம் சங்கீதத்தில் தாவீதும் 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்றுதானே கேட்கிறார்?

கறுப்பினப் பெண் ஆலோசகர் ஒருவரைக் கணவரோடு சேர்ந்து தேடுங்கள். அங்கே போனால் அவள் எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கவேண்டி இருக்காது. கல்லூரி மாற விரும்பினால், அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள்.

அடுத்த விடுமுறைக்கு வரும்போது பின்னல் போட உட்கார வையுங்கள். "அன்னைக்கு நான் கேட்காம பேசிட்டேன், மன்னிச்சிடும்மா" என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். எப்படியும் சில மணி நேரம் ஆகும் இல்லையா? அவள் பேசட்டும். பேசாவிட்டாலும் சரி, நீங்கள் பின்னிக்கொண்டே இருங்கள்.