பிராய்லர் தீவனத்துல அஜினோமோட்டோ கலக்கலாமா?

கேள்வி: சார், சொந்தமா 1500 பிராய்லர் விட்டிருக்கேன், 18 நாள் ஆச்சு. நாலஞ்சு நாளா தீவனம் சரியா எடுக்கல. 100 கிலோவுக்கு 1 கிலோ அஜினோமோட்டோ கலந்து போடுங்க, ருசிக்கு நல்லா தின்னும், எடை ஏறும்னு ஒருத்தர் சொல்றார். போடலாமா?

பதில்: வேணாங்க. அவர் சொன்னது முழுக்க கப்ஸான்னு சொல்ல மாட்டேன். கோழிக்கு சுவை மொட்டு சில நூறுதான், நமக்கு ஆயிரக்கணக்குல, இனிப்பு உணர்ற ரிசப்டரே அதுக்கு கிடையாது, ஆனா அஜினோமோட்டோவோட ருசி அதுக்குத் தெரியும். அதுல இருக்குற குளூட்டமேட், அதாவது குளூட்டமிக் ஆசிட்டோட ஒரு வடிவம், விஷமும் இல்ல, சோயா புரதத்துலயே ஆறுல ஒரு பங்குக்கு மேல குளூட்டமிக் ஆசிட்தான், தின்னதுல பெரும்பகுதிய குடலே எரிச்சு செலவு பண்ணிடும், அதனால கறியில தங்கிடுமோன்னு பயப்பட வேணாம்.

சிக்கல் அதுல இருக்குற சோடியம். 1 கிலோ அஜினோமோட்டோல கிட்டத்தட்ட 120 கிராம் சோடியம் இருக்கு. பிராய்லர் தீவனத்துல 100 கிலோவுக்கு 300 கிராம் உப்பு போடுவாங்கல்ல, அதுலயும் சுமார் அதே 120 கிராம்தான், அப்போ நீங்க கலக்குற 1 கிலோ உப்பை டபுள் பண்ணின மாதிரி. சரி உப்பை எடுத்துட்டு இதைப் போடறேன்னு கிளம்பாதீங்க, உப்புல வர்ற குளோரைடு இதுல கிடையாது, அது குறைஞ்சாலும் வளர்ச்சி அடிவாங்கும்.

சோடியம் ஏறினா கோழி தண்ணியா குடிக்கும், தண்ணியா கழியும், லிட்டர், அதாவது கொட்டகை தரையில பரப்பியிருக்குற உமியோ மரத்தூளோ, நனையும். ஒரு பண்ணையில இப்படி யாரோ சொல்லி கலந்து போட்டிருந்தாங்க, லிட்டரை ஒரு கைப்பிடி அள்ளி அமுக்கினேன், உதிராம கொழுக்கட்டை மாதிரி கையில நிக்குது, கீழ குனிஞ்சா அம்மோனியா கண்ணை எரிக்குது, கோழியோட உள்ளங்கால்ல கருப்பா புண்ணு. அந்த ஈரத்துல காக்சி (குடலைத் தாக்கி ரத்தக் கழிச்சல் தர்ற நோய்) சும்மா இருக்குமா? சில கோழிக்கு வயித்துல தண்ணி கோத்துக்கும். தீவனம் கொஞ்சம் கூட எடுத்து என்ன பிரயோஜனம், எடை ஏறும்னு நம்பி காசு போடற அளவுக்கு இதுல உறுதியும் இல்ல.

ஏன் எடுக்கலன்னு பாருங்க முதல்ல. தீவனத் தட்டோட அடியில கையை விடுங்க, மாவா தங்கியிருந்தா அதுதான் காரணமா இருக்கலாம், கோழி நாக்கை விட கண்ணையும் அலகையும் நம்புற ஜீவன், நொய் மாதிரி இருந்தா கொத்தும், தூளை ஒதுக்கும். தட்டு விளிம்பு கோழி முதுகு உயரத்துக்கு நிக்கணும். வெயில்ல வாயைப் பொளந்து இரைச்சா பகல் தீவனத்தை நிறுத்திட்டு விடியகாலையும் சாயங்காலமும் போடுங்க. மத்தியானம் நிப்பிள் (கோழி கொத்திக் குடிக்கிற குழாய் முனை) தண்ணியை கையில பிடிச்சுப் பாருங்க, டேங்க் வெயில்ல கொதிச்சுக் கிடந்தா அது குடிக்காது, குடிக்கலன்னா தின்னாது. போர் தண்ணி உப்பா இருந்தா இன்னும் சோடியம்தான், அதையும் டெஸ்ட் பண்ணிடுங்க. முக்கியமா, இந்த வயசுல காக்சியும் கம்போரோங்கிற வைரஸ் நோயும் வரும், எச்சத்துல ரத்தமோ மூலையில குன்னிக்கிட்டு நிக்கிற கோழியோ இருந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டி அறுத்துப் பாக்கச் சொல்லுங்க.

ஒருவேளை கலந்தே போட்டுட்டீங்கன்னா, அதுல ஒரு பங்குக்கு கலக்காத தீவனம் நாலு பங்கு சேர்த்துக் கொடுத்து தீர்த்துடுங்க. லிட்டர் நனையுதேன்னு தண்ணியை மட்டும் குறைச்சுடாதீங்க, உப்பு கூடின தீவனத்தைத் தின்ன கோழிக்கு தண்ணி இல்லன்னா செத்துடும்.